பாலில் கலந்த மது

அயர்லாந்தின் விஸ்கியோடு பாலேடு கலந்த ஒரு மது 1974-ஆம் ஆண்டு ‘பெய்லிஸ்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அங்கே அதனை வீட்டில் செய்வதும் உண்டு. செய்முறையை நாம் அறிவோம்.

காப்பித்தூள், கோக்கோ வகைக்கு ஒரு கரண்டியைச் சிறிது வெந்நீரில் கரைத்து ஆறவிட வேண்டும். அதில் ஒரு டின் கெட்டிப்பாலும் 250 மில்லிலிட்டர் பாலேடும் சேர்த்துக் கலக்க வேண்டும். 350 மில்லிலிட்டர் விஸ்கியைக் கடைசியில், சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். மொத்தமாக ஊற்றினால் பால் திரியலாம்.

ஆலையில் பால் கொழுப்பை நுண்துளிகளாக உடைத்து, பால் புரதத்தால் போர்த்துகிறார்கள். அதனால் அது ஈராண்டு கெடுவதில்லை. வீட்டில் செய்ததைக் குளிர்ப்பெட்டியில் வைத்து ஒரு வாரத்திற்குள் தீர்த்துவிட வேண்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். விஸ்கிக்குப் பதிலாகக் கள்ளச் சம்சுவை ஊற்றலாகாது. அதில் மெத்தனால் இருந்தால் கண்பார்வையும் உயிரும் போகும்; பால் அதனை முறிக்காது. அடுத்து, இது பார்வைக்குப் பால் காப்பி, ருசியில் இனிப்பு. ஆனால் நூற்றுக்குச் சுமார் 15 பங்கு சாராயம். குழந்தை குடித்தால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கிவிடலாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஆகவே போத்தலில் பெயர் எழுதி, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைப்போம்.