'அவ ஏன் அங்கே போனா?' - இந்தக் கேள்வி யாருக்கு உதவுகிறது?

பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கு வெளியே வந்தது 2019 பிப்ரவரியில். ஒரு கல்லூரி மாணவி துணிந்து கொடுத்த புகாரில்தான் அது தொடங்கியது. பெண்களிடம் பழகி, நம்பவைத்து, வன்கொடுமை செய்து, அதை வீடியோ எடுத்து, அந்த வீடியோவைக் காட்டியே மீண்டும் மீண்டும் மிரட்டிய கும்பல் சிக்கியது. அவர்கள் எதை நம்பி இவ்வளவு துணிந்தார்கள்? 'வெளியே தெரிஞ்சா ஊர் என்னைத்தான் தப்பா பேசும்' என்று அந்தப் பெண்களுக்கு இருந்த பயத்தை நம்பித்தான்.

அந்தப் பயம் வீண் பயமும் இல்லை. காவல்துறை அதிகாரியின் பேட்டியிலும் அரசாணையிலும் புகார் கொடுத்த மாணவியின் பெயர் வெளியானது. அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் வழங்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. இன்னொரு பக்கம், 'பழக்கமில்லாதவன்கூட ஏன் போகணும்?', 'பொண்ணுக்கு எதுக்கு செல்போன்?' என்று கேட்டவர்களுக்கும் குறைவில்லை.

இப்படிக் கேட்பவர்கள் எல்லோரும் கொடுமைக்காரர்கள் இல்லை. நம் வீட்டு அத்தையாக, பக்கத்து வீட்டு மாமாவாக, ஏன், பெற்ற அம்மாவாகக்கூட இருக்கலாம். ஆனால், அந்தக் கேள்விகள் உண்மைக்கு முன்னால் நிற்பதில்லை.

'என்ன டிரெஸ் போட்டிருந்தா?'

அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் 2014-ல் ஒரு கண்காட்சி நடந்தது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்கள் அந்த நேரத்தில் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று சொன்னார்களோ, அதே போன்ற உடைகளை மாட்டிவைத்தார்கள். பல ஊர்களுக்குச் சென்ற அந்தக் கண்காட்சி 2018-ல் பெல்ஜியம் தலைநகர் பிரஸ்ஸல்ஸுக்கு வந்தபோது, அங்கே பைஜாமா இருந்தது, ட்ராக் சூட் இருந்தது, ஒரு குழந்தையின் சட்டையும் இருந்தது. பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

'அந்த நேரத்துல வெளியே ஏன் போகணும்?'

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியாவில் பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகள் 31,516. அவற்றில் 100-க்கு 95-க்கும் மேற்பட்ட வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்: உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், நண்பர், வேலை கொடுத்தவர். வீட்டுக்குள்ளேயே இருந்தால் பாதுகாப்பு என்ற கணக்கு இங்கே உதைக்கிறது.

'கத்தியிருக்கலாமே?'

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில், வன்கொடுமைக்குப் பிறகு சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. அவர்களில் 70 சதவிகிதம் பேருக்கு அந்தக் கணத்தில் உடல் குறிப்பிடத்தக்க அளவு மரத்துப்போயிருக்கிறது. கையைக் காலை அசைக்க முடியாது, குரல் எழும்பாது. உயிர் பயம் வரும்போது உடல் தானாகச் செய்யும் காரியம் இது. அதை சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அறியாமை.

நல்லவர்களும் ஏன் இப்படிக் கேட்கிறார்கள்?

அமெரிக்க உளவியலாளர் மெல்வின் லெர்னர் 1966-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரு பெண்ணுக்கு ஷாக் கொடுக்கப்படுவதாக நம்பவைத்து (அது நடிப்புதான்) மாணவிகளைப் பார்க்கச் சொன்னார்கள். துன்பத்தை நிறுத்த வழியில்லை என்று தெரிந்ததும், பார்த்தவர்கள் அந்தப் பெண்ணைப் பற்றியே தாழ்வாக மதிப்பிட ஆரம்பித்தார்கள். 'நல்லவர்களுக்குக் கெட்டது நடக்காது' என்ற நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்ள மனசு தேடும் குறுக்குவழி அது. 'அவ ஏதோ தப்பு பண்ணியிருக்கா. நம்ம பொண்ணு பண்ண மாட்டா' என்று நினைத்தால் நமக்கு நிம்மதி. அந்த நிம்மதிக்கான விலையைக் கொடுப்பது பாதிக்கப்பட்டவள்.

சட்டம் நகர்ந்திருக்கிறது

பெண்ணின் 'நடத்தை சரியில்லை' என்று காட்டி அவர் சாட்சியத்தை உடைக்க, 1872-ம் ஆண்டின் சாட்சியச் சட்டம் இடம் கொடுத்தது. அந்தப் பிரிவு நீங்க 2002-ம் ஆண்டு திருத்தச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரு விரல் பரிசோதனை பெண்ணின் கண்ணியத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் சொன்னது; அதைச் செய்பவர்கள் ஒழுங்கீனக் குற்றம் செய்தவர்களாகக் கருதப்படுவார்கள் என்று 2022-ல் மீண்டும் எச்சரித்தது. பெண்ணின் உடை, பழக்கவழக்கம் பற்றி நீதிபதிகள் கருத்துச் சொல்லக் கூடாது என்று 2021-ல் அறிவுறுத்தியது.

ஆனாலும், 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி புகார் கொடுத்தபோது, அவர் அடையாளத்தோடு முதல் தகவல் அறிக்கை இணையத்தில் பரவியது. அது எழுதப்பட்டிருந்த விதத்தையே சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடும் தரச் சொன்னது.

இத்தனையையும் தாண்டிப் பேசினால் நீதி கிடைக்கிறது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2025 மே மாதம் பொள்ளாச்சி வழக்கில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது கோவை மகளிர் நீதிமன்றம். அந்த வழக்கில் ஒரு சாட்சிகூட பிறழ்சாட்சியாக மாறவில்லை.

வீட்டில் ஒருவர் வந்து சொன்னால்...

* முதலில் கேள்வி வேண்டாம். 'நீ சொன்னது நல்லது. உன் மேல எந்தத் தப்பும் இல்ல' என்று சொல்லுங்கள்.
* உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தனியார் மருத்துவமனையாக இருந்தாலும் முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம்.
* முடிந்தால், பரிசோதனைக்கு முன் குளிக்க வேண்டாம். உடைகளைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். நாள் கடந்திருந்தாலும் புகார் கொடுக்கலாம்.
* சம்பவம் எங்கே நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும்.
* பெண்களுக்கான உதவி எண் 181. குழந்தைகளுக்கு 1098. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால், தெரிந்தவர்கள் புகார் செய்வது சட்டக் கடமை.
* அவர் பெயரையோ படத்தையோ யாருக்கும் அனுப்பாதீர்கள். அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

இன்னொன்று: இதற்கெல்லாம் முன்பே நம் வீட்டுப் பிள்ளைகள் நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். டி.வி-யில் இப்படியொரு செய்தி ஓடும்போது நாம் என்ன சொல்கிறோம் என்பதை வைத்துத்தான், நாளை தங்களுக்கு ஒன்று என்றால் நம்மிடம் வருவதா, வாயை மூடிக்கொள்வதா என்று முடிவு செய்வார்கள்.