ஓட்டுப் போட ஊருக்குப் போகிறவர்கள்

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் ஆட்களைக் கவனிக்கும் வேலை எனக்கு. தேர்தல் வந்தால் டீ நேரப் பேச்சில் சூடு ஏறிவிடும். "யாருக்கு ஓட்டு?" என்று சூப்பர்வைசர் யாரையும் கேட்கக் கூடாது என்பதில் நான் கறார். சம்பளம் கொடுக்கும் இடத்திலிருந்து வந்தால் அது மிரட்டலாகவே கேட்கும்.

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டு வாக்குப்பதிவு ஏப்ரல் 19. பீகாரிலோ ஏழு கட்டம், ஜூன் 1 வரை. எங்கள் கம்பெனியில் வேலை பார்க்கும் அந்த ஊர்ப் பிள்ளைகள், ஓட்டுப் போடப் போனால் சம்பளத்தைப் பிடித்துவிடுவார்களோ என்று தவித்தார்கள். வாக்குப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுமுறை தரச் சொல்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு, தினக்கூலிக்கும் உண்டு. வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்கும் பொருந்தும் என்கிறது தேர்தல் ஆணையம். ரயிலில் கழியும் நாட்களுக்கு நிர்வாகம்தான் மனது வைக்க வேண்டும். திரும்பி வந்தால் அதே மிஷின் இருக்கும் என்று சொல்லி அனுப்புங்கள்.