வரிப்பணமும் புள்ளியும்: சுவீடனில் திறந்த ஒரு கோவை



சென்ற மாத நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு தாயார் தொலைபேசியில் கேட்டார்: "அண்ணை, என்ரை மகள் ஆராய்ச்சிக்குப் போறன் எண்டு நிக்கிறாள். உந்தக் காசெல்லாம் ஆம்பிளையளுக்குத்தானே குடுப்பினம்?" கணக்காளனுக்குத் தெரிந்த ஒரே வழி, கணக்கைத் திறந்து பார்ப்பது. சுவீடனில் இரண்டு பெண்கள் அதைத்தான் செய்தார்கள்.

அங்கே அரசின் மருத்துவ ஆராய்ச்சிச் சபை, இளம் ஆய்வாளருக்கு மக்கள் பணத்தில் உதவித்தொகை வழங்கிவந்தது. 1995ஆம் ஆண்டுக்கு 62 ஆண்களும் 52 பெண்களும் விண்ணப்பித்தார்கள். கிடைத்ததோ 16 ஆண்களுக்கும் 4 பெண்களுக்கும். பெண்களின் வேலைதான் குறைவாக்கும் என்பது வழமையான விளக்கம்.

கிறிஸ்டின் வெனரோஸ், அக்னெஸ் வோல்ட் என்ற இரு விஞ்ஞானிகள் புள்ளிப் பட்டியலைக் கேட்டார்கள். சபை மறுத்தது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். அது பொது ஆவணமே என்று தீர்ப்பாயிற்று.

பிறகு ஒவ்வொருவரின் ஆய்வுக் கட்டுரைகளையும் கொடுக்கப்பட்ட புள்ளிகளையும் ஒப்பிட்டார்கள். முடிவு 1997இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வந்தது: ஆணுக்குக் கிடைத்த அதே திறமைப் புள்ளியைப் பெற, ஒரு பெண் இரண்டரை மடங்கு வேலை காட்ட வேண்டியிருந்தது. குழுவில் அறிமுகமானவர் இருந்தாலும் புள்ளி கூடியது. அந்த அறிமுகமானவர் புள்ளியிடாமல் ஒதுங்கியிருந்தும் அப்படித்தான்.

2005இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத் தலைவர் லோரன்ஸ் சமர்ஸ், உயர்நிலை விஞ்ஞானத்தில் பெண்கள் குறைவாக இருப்பதற்குப் பிறவித் திறமை வேறுபாடும் ஒரு காரணமாகலாம் என்று சொல்லிப் பெரும் சர்ச்சையில் சிக்கினார். சுவீடன் கணக்கு அந்த வாதத்தைத் தீர்க்கவில்லை. ஆனால் அங்கே ஒப்பிடப்பட்டது சமமாக வேலை செய்து முடித்தவர்களை. பிறவித் திறமை எதுவாக இருந்தாலும், செய்த வேலைக்குக் கூலி ஒன்றாக இருக்க வேண்டாமா?

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அது ஒரே சபை, ஒரே ஆண்டு. 2008இல் வெளிவந்த இன்னொரு சுவீடன் ஆய்வில், பெண்களுக்கு இருந்த பாதகம் மறைந்து சிறு சாதகமே தெரிந்தது. அறிமுகத்தின் செல்வாக்கு மட்டும் போகவில்லை. 2019இல் 'லான்செட்' சஞ்சிகையில் வந்த கனடிய ஆய்வோ, ஆய்வுத் திட்டத்தை முதன்மையாக மதிப்பிட்டபோது ஆண், பெண் இடைவெளி சிறிது என்றும், ஆய்வாளரை மதிப்பிட்டபோது அது பெருத்தது என்றும் காட்டியது.

ஆகவே அம்மா, மகளை விண்ணப்பிக்கச் சொல்லுங்கோ. கிடைக்காவிட்டால், என்ன புள்ளி, ஏன் அந்தப் புள்ளி என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கோ. அந்தப் பணத்தில் உங்கள் வரியும் இருக்கிறது.