பி.பி. கணக்கும் எக்செல் பைலும்: மாத்திரைக்கு முன் ஒரு மூன்று மாதம்

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில், படப்பையைத் தாண்டி ஒரகடம் போகும் வழியில் இருக்கிறது சேரப்பணஞ்சேரி. காலை, மதியம், இரவு என மூன்று ஷிப்டுக்கும் கம்பெனி பஸ்கள் ஓடும் பகுதி இது. இங்குள்ள பல தொழிற்சாலைகளில் அவ்வப்போது மெடிக்கல் செக்கப் நடக்கும். முப்பது வயதுகூட நிரம்பாத ஒருவரின் சீட்டில் 150/96 என்று எழுதிக் கொடுப்பார்கள். பார்த்தவருக்குத் திக்கென்று இருக்கும். சிலர் அந்தச் சீட்டை மடித்து வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். சிலர் வீட்டில் அப்பா சாப்பிடும் பி.பி. மாத்திரையில் பாதியை விழுங்கிப் பார்ப்பார்கள். இரண்டுமே ஆபத்து.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. முறையாக அளப்பது, எழுதி வைப்பது, உப்பையும் உடம்பையும் கவனிப்பது, பிறகு கணக்கோடு டாக்டரிடம் போவது. இதற்கு உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் நன்றாக உதவும். நான் மருத்துவன் அல்ல, சாப்ட்வேர் எழுதுபவன். எனவே மருந்து பற்றிய முடிவை டாக்டரிடம் விட்டுவிட்டு, அவர் முடிவெடுக்கத் தேவையான தகவலை எப்படித் தயார் செய்வது என்று பார்ப்போம்.

அந்த இரண்டு எண்கள் என்ன?

மேலே உள்ள எண், இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது ரத்தக் குழாயில் உள்ள அழுத்தம். கீழே உள்ளது, இதயம் விரியும்போது உள்ள அழுத்தம். அலகு மில்லிமீட்டர் பாதரசம். மருத்துவமனையில் வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் ரத்த அழுத்தம் என்கிறார்கள். இரண்டில் ஒரு எண் மட்டும் எல்லையைத் தாண்டினாலும் அதே கணக்குதான். வீட்டில் அளக்கும்போது எல்லை சற்றுக் குறைவு. சராசரி 135/85-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும்.

இது அபூர்வமான நோய் அல்ல. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 24 சதவீதம் பேருக்கும் பெண்களில் 21.3 சதவீதம் பேருக்கும் அழுத்தம் அதிகமாக இருந்தது அல்லது அதற்கு மருந்து சாப்பிட்டு வந்தார்கள். பெரும்பாலும் வலி, அறிகுறி எதுவும் இருக்காது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். மெதுவாக மூளை, இதயம், சிறுநீரகம், கண் ஆகியவற்றைப் பாதிக்கும்.

எந்த மெஷின் வாங்குவது?

மேல் கையில் கட்டும் தானியங்கி டிஜிட்டல் மெஷின் போதும். பட்டை இறுகி, பிறகு காற்று இறங்கும்போது, ரத்தக் குழாயின் துடிப்பு அந்தக் காற்றில் சிறு அதிர்வுகளை உண்டாக்கும். உள்ளே உள்ள சென்சார் அவற்றைப் படிக்கும். அதிர்வு எங்கே உச்சமாக இருக்கிறதோ அங்கிருந்து கணக்குப் போட்டு மேல், கீழ் எண்களைச் சொல்லும். அந்தக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் மருத்துவ முறைப்படி சோதிக்கப்பட்ட மாடலாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்ட்ரைட் பிபி என்ற இணையதளத்தில் இப்படிச் சோதிக்கப்பட்ட மாடல்களின் பட்டியல் உண்டு.

பட்டையின் அளவு முக்கியம். பருமனான கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் எண் கூடுதலாகக் காட்டும். செல்போன் கேமராவில் விரலை வைத்தால் பி.பி. சொல்லும் என்கிற ஆப்களை நம்ப வேண்டாம்.

எப்படி அளப்பது?

தவறாக அளந்து எழுதினால் கம்ப்யூட்டர் தவறான சராசரியைத்தான் தரும். எனவே:

1. அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து டீ, காபி, சிகரெட் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள்.
2. முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கால் மேல் கால் போட வேண்டாம்.
3. கையை மேஜை மேல் வையுங்கள். பட்டை இதயத்தின் உயரத்தில், சட்டைத் துணியின் மேல் அல்லாமல் தோலின் மேல் இருக்க வேண்டும்.
4. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள்.
5. காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று 7 நாட்கள் தொடருங்கள். முதல் நாள் எண்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நைட் ஷிப்டில் இருப்பவருக்குக் 'காலை' எது? தூங்கி எழுந்து ஒரு மணி நேரத்துக்குள், டீக்கு முன் அளப்பதே உங்கள் காலை. தூங்கும்போது அழுத்தம் இயல்பாக 10 முதல் 20 சதவீதம் வரை இறங்கும். ஷிப்ட் மாறும் வாரத்தில் தூக்கம் குழம்பினால் எண்களும் குழம்பலாம். அதனால்தான் நம் பைலில் ஷிப்டுக்கென்று ஒரு வரிசை வைக்கப் போகிறோம்.

பைலைத் தயார் செய்வோம்

எக்செல்லைத் திறந்து புதிய ஒர்க்ஷீட் ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கைப் பயன்படுத்தலாம். மெனுக்கள் மட்டும் சற்று மாறியிருக்கும்.

முதல் வரியில் ஏ1 செல் தொடங்கி இந்தத் தலைப்புகளை டைப் செய்யுங்கள்: தேதி, நேரம், ஷிப்ட், மேல், கீழ், நாடித் துடிப்பு, குறிப்பு.

தேதியை டைப் செய்யத் தேவையில்லை. கண்ட்ரோல் விசையை அழுத்திக் கொண்டு செமிகோலன் விசையைத் தட்டினால் இன்றைய தேதி தானாக வந்துவிடும். ஷிப்ட் விசையையும் சேர்த்து அழுத்தினால் நேரம் வரும்.

முக்கியமான ஒன்று. 138/86 என்று ஒரே செல்லில் எழுதாதீர்கள். எக்செல் அதை எண்ணாகப் பார்க்காது, எழுத்தாகவே வைத்துக் கொள்ளும். சராசரி கிடைக்காது. 138 ஒரு செல்லில், 86 அடுத்த செல்லில் என்று பிரித்து எழுதுங்கள். குறிப்பு வரிசையில் 'கேன்டீன் ஊறுகாய்', '4 மணி நேரத் தூக்கம்', 'கால் வலி மாத்திரை' என்று இரண்டு வார்த்தை போதும்.

சராசரி பார்க்க பார்முலா எழுதத் தெரிய வேண்டியதில்லை. 'மேல்' என்ற வரிசையில் இரண்டாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை உள்ள எண்களை மவுசால் இழுத்துத் தேர்வு செய்யுங்கள். திரையின் அடியில் உள்ள ஸ்டேட்டஸ் பாரில் ஆவரேஜ் என்று சராசரி தெரியும். 'கீழ்' வரிசைக்கும் அப்படியே செய்யுங்கள்.

உதாரணமாக ஒருவருக்கு முதல் நாள் 152. அடுத்த ஆறு நாட்களின் மேல் எண்கள் 138, 136, 141, 134, 137, 136. முதல் நாளை விட்டுவிட்டால் சராசரி 137. 152-ஐ மட்டும் பார்த்திருந்தால் பயந்திருப்பார். 134-ஐ மட்டும் பார்த்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார். உண்மை நிலவரம் 137 தான். வீட்டு எல்லையான 135-ஐத் தாண்டியிருப்பதால் விட்டுவிடக் கூடாது, டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சில வாரங்கள் ஆனதும் தலைப்பு வரியைத் தேர்வு செய்து, டேட்டா மெனுவில் பில்டர் என்பதைக் கிளிக் செய்யுங்கள். ஷிப்ட் தலைப்பில் தோன்றும் அம்புக்குறியை அழுத்தி 'நைட்' மட்டும் தேர்வு செய்தால் அந்த நாட்கள் மட்டும் தெரியும். எந்த ஷிப்டில் ஏறுகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். தேதி, மேல், கீழ் ஆகிய மூன்று வரிசைகளையும் தேர்வு செய்து இன்சர்ட் மெனுவில் லைன் சார்ட் போட்டால் ஏற்ற இறக்கம் கோடாகத் தெரியும்.

மாத்திரை இல்லாமல் எவ்வளவு குறையும்?

அமெரிக்காவில் 459 பேரிடம் நடந்த டேஷ் என்ற ஆய்வின் முடிவு 1997-ல் வெளிவந்தது. காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் அதிகம் உள்ள உணவைச் சாப்பிட்ட உயர் ரத்த அழுத்தக்காரர்களுக்கு மேல் எண் சுமார் 11 வரை குறைந்தது. எட்டு வாரத்தில், உப்பைக் குறைக்காமலேயே கிடைத்த பலன் இது. உப்பையும் குறைத்தால் பலன் கூடும் என்று 2001-ல் வந்த அடுத்த ஆய்வு காட்டியது. எடையில் ஒரு கிலோ குறைந்தால் மேல் எண்ணில் ஏறக்குறைய ஒன்று குறையும்.

உப்பு: உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். இதையும் கணக்குப் போடலாம். வீட்டில் 4 பேர் என்றால் நாளைக்கு 20 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். பாக்கெட் பிரித்த தேதியைப் பைலில் குறியுங்கள். 25 நாளில் தீர்ந்தால் இரட்டிப்பாகச் சாப்பிடுகிறீர்கள் என்று பொருள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், மிக்சர் ஆகியவற்றில் உள்ள உப்பு இந்தக் கணக்கில் வராது. நூடுல்ஸ், சிப்ஸ் பாக்கெட்டின் பின்பக்கம் சோடியம் என்று போட்டிருப்பதை 2.5-ஆல் பெருக்குங்கள். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு.

நடை: வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது 30 நிமிடம் வீதம் 5 நாள், வேகமாக நடக்க வேண்டும். லாரி ஓடும் மெயின் ரோடு வேண்டாம், உள்தெரு போதும்.

மற்றவை: மது அழுத்தத்தை ஏற்றும். புகையிலை ரத்தக் குழாயைக் கெடுக்கும். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டுக் கால் வலிக்கு டைக்ளோபினாக், ஐபுபுரூபென் சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். இவையும் பி.பி.யை ஏற்றக்கூடியவை. பொட்டாசியம் சேர்த்த 'லோ சோடியம்' உப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. கேட்காமல் வாங்க வேண்டாம்.

எவ்வளவு நாள் காத்திருக்கலாம்?

இங்கேதான் கவனம் தேவை. சர்வதேச உயர் ரத்த அழுத்தச் சங்கத்தின் 2020 வழிகாட்டியின்படி, மருத்துவமனை அளவு 140-159 / 90-99 என்று இருந்து, சர்க்கரை நோய், இதய நோய், சிறுநீரகக் கோளாறு எதுவும் இல்லாத, ஆபத்து குறைந்தவர்கள் மாத்திரைக்கு முன் 3 முதல் 6 மாதம் பழக்க மாற்றத்தை முயன்று பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி இன்னும் கறாரானது. 140/90 உறுதியானாலே மருந்தைப் பரிந்துரைக்கிறது. எனவே 'மூன்று மாதம் பார்க்கலாமா?' என்று முதலிலேயே டாக்டரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகே தொடங்குங்கள். 160/100-ஐத் தாண்டினாலோ, சர்க்கரை நோய் போன்றவை இருந்தாலோ மாத்திரையைத் தள்ளிப் போடக் கூடாது. பழக்க மாற்றம் அதோடு சேர்ந்து நடக்கட்டும்.

180/120-ஐத் தாண்டி, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், கை கால் மரத்துப் போதல் இருந்தால் எக்செல்லைத் திறக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

ஏற்கனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் எண் இறங்கிவிட்டது என்று தாங்களாக நிறுத்தக் கூடாது. சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் எகிறிவிடும்.

மெஷின் வாங்க வசதியில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக அளந்து கொள்ளலாம். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. இதில் வீடு தேடி வந்து பரிசோதித்து, தேவைப்படுவோருக்கு மாத்திரையும் தருகிறார்கள். வேலை செய்யும் இடத்திலேயே பரிசோதிக்கும் தொழிலாளரைத் தேடி மருத்துவம் 2024-ல் தொடங்கியது.

பைலுக்குப் பாதுகாப்பு

இது உங்கள் உடல்நிலை பற்றிய பைல். ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைக்காதீர்கள். எக்செல்லில் பைல் மெனுவில் இன்போ, புரொடெக்ட் ஒர்க்புக், என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட் என்று போய்ப் பாஸ்வேர்ட் கொடுக்கலாம். மறந்துவிட்டால் திறக்க முடியாது, எனவே அதைத் தனியே குறித்து வையுங்கள். பென் டிரைவில் ஒரு காப்பி இருக்கட்டும். டாக்டரிடம் போகும்போது அனைத்தையும் பிரிண்ட் எடுக்க வேண்டாம். அவர் பார்க்கத் தேவையானது முதல் வாரச் சராசரி, கடைசி வாரச் சராசரி, சார்ட் ஆகிய மூன்றுதான். ஒரே தாளில் அடங்கிவிடும்.