ஸ்கேன் குறுந்தகடு திறக்க மறுக்கும்போது

நுரையீரலில் சிறு முடிச்சொன்று தென்படும்போது நாங்கள் முதலில் கேட்பது, முன்பு எடுத்த ஸ்கேன் உள்ளதா என்பதையே. கெட்டியான முடிச்சு 2 ஆண்டுகளாக வளராமல் இருந்தால், அது பெரும்பாலும் தீங்கற்றது. அந்த விடை பழைய குறுந்தகட்டில் இருக்கும், தகடோ திறக்காது. மீண்டும் ஸ்கேன் எடுப்பதால் பணமும் ஒரு நாள் கூலியும் போவதோடு, கதிர்வீச்சும் கூடுகிறது. வழக்கமான மார்பு சி.டி. ஸ்கேன் ஒன்றில் கிடைக்கும் கதிர்வீச்சு, ஏறத்தாழ 2 ஆண்டுகளில் இயற்கையிலிருந்து நாம் பெறும் அளவுக்கு நிகரானது. அதுவும் பழைய படத்துக்கு ஈடாகாது.

(“சி.டி. இருக்கிறதா?” என்று கேட்டால் சிலர் ஸ்கேனையும் சிலர் தகட்டையும் நினைப்பது இயல்பே. இங்கே தகட்டைக் குறுந்தகடு என்றே குறிப்பிடுகிறோம்.)

திறக்காத தகடு எல்லாம் கெட்ட தகடு அன்று. மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய வீடுகளில் காற்றோடு வரும் உப்புத்தூள் தகட்டின் மீதும் படியும். உப்பு ஈரத்தை ஈர்த்து ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் அத்துகளே தகட்டைக் கீறிவிடும். ஆகவே முதலில் நல்ல தண்ணீரில் அலசி, பிறகு மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராக ஒற்றித் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கலாகாது. தரவுகள் வட்டப் பாதையில் எழுதப்பட்டிருப்பதால், பாதையின் குறுக்கே விழும் கீறலைக் கணினி சமாளிக்கும். பாதையோடு ஓடும் கீறலைச் சமாளிப்பது கடினம். குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கத்துக்குக் கொண்டுவந்த தகட்டின் மேல் நீர்த்திவலை படியும். அரைமணி நேரம் பொறுத்த பின் கணினியில் இடுக.

எழுத்துள்ள மேற்பக்கம் உறுதியானது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் குறுந்தகட்டின் தரவு அடுக்கு அப்பக்கத்து மெல்லிய பூச்சுக்குச் சற்றுக் கீழேதான் உள்ளது. பந்துமுனைப் பேனாவால் பெயர் எழுதினால் தரவும் சிதையலாம். பெயரை உறையின் மேல் எழுதுக.

தகட்டில் ‘ஆர்.டபிள்யூ.’ என்று அச்சிடப்பட்டிருந்தால் அது அழித்து மீண்டும் எழுதத்தக்கது. சாதாரணத் தகடு தன்மேல் விழும் லேசர் ஒளியில் ஏறத்தாழ 70 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். இதுவோ 15 முதல் 25 விழுக்காடே அனுப்பும். பழைய கணினிகளுக்கும் லென்சில் தூசு படிந்த கணினிகளுக்கும் இந்த மங்கலான ஒளி போதுவதில்லை. எனவே வேறொரு கணினியில் முயன்று பார்க்க வேண்டும். எழுதிய கணினியில் மட்டும் திறக்கிறது என்றால், எழுதி முடித்தபின் தகடு முறையாக மூடப்படவில்லை என்று பொருள்; ஸ்கேன் மையத்தாரே அதைச் சரிசெய்ய இயலும்.

ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறோம். தகட்டைப் படிக்க இயலாத கணினி, “ஃபார்மேட் செய்யவா?” என்று கேட்கக்கூடும். ‘வேண்டாம்’ என்பதையே அழுத்துக. ஆர்.டபிள்யூ. தகட்டில் ‘ஆம்’ என்று அழுத்தினால் ஸ்கேன் அழிந்துவிடும். தவறி அழித்திருந்தால் அதில் வேறெதுவும் எழுதாமல் எடுத்து வாருங்கள். விரைவு அழிப்பில் பெரும்பாலும் பொருளடக்கமே நீங்குகிறது, படங்களை மீட்க வாய்ப்புண்டு.

தகடு திறந்தும் படம் தெரியவில்லையெனில் அது பழுதன்று. ஸ்கேன் படங்கள் ‘டைகாம்’ என்னும் தனி வடிவில் உள்ளவை. தகட்டிலேயே இருக்கும் பார்வை மென்பொருளை இயக்கினால்தான் தெரியும். நகலெடுக்கும்போது ஓரிரு கோப்புகளை அன்றி, முழுத் தகட்டையும் பென் டிரைவில் எடுங்கள். ஃபிலிமைக் கைப்பேசியில் படம்பிடித்து அனுப்புவது முடிச்சை அளந்து ஒப்பிடப் போதாது.

எதுவும் பலிக்காவிட்டால் ஸ்கேன் மையத்தில் மறுநகல் கேளுங்கள். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு விதிகளின்படி உள்நோயாளியின் பதிவேடுகளை மருத்துவர் 3 ஆண்டுகள் காக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வெளிநோயாளியாக எடுத்த ஸ்கேன்களை மையங்கள் எவ்வளவு காலம் வைத்திருக்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆகவே தாமதிக்க வேண்டாம். எங்களிடம் வரும்போது, திறக்காத அந்தத் தகட்டையும் எழுத்து அறிக்கையையும் ஃபிலிமையும் சேர்த்தே கொண்டு வாருங்கள்.