தோற்றால் யார் தலை உருளும், தெரியுமா?

திருவேற்காடு என்றதும் எல்லோருக்கும் கருமாரியம்மன்தான் நினைவுக்கு வருவாள். ஆனால் இதே ஊரில் பிறந்த ஒரு சூதாடி அறுபத்து மூன்று நாயன்மார்களில் ஒருவர் என்பது தெரியுமா? அவர்தான் மூர்க்க நாயனார்! அடியார்களுக்கு அன்னமிட்டே சொத்தையெல்லாம் தீர்த்தவர், கடைசியில் தமக்குத் தெரிந்த சூதையே கையில் எடுத்தார். உள்ளூரில் அவரோடு ஆட ஆள் கிடைக்காமல் போகவே ஊர் ஊராகப் போய், கும்பகோணம் வரை சென்று ஆடினார். முதல் ஆட்டத்தில் தோற்பாராம், அடுத்தடுத்த ஆட்டங்களில் அள்ளிவிடுவாராம். வென்றதெல்லாம் அடியார்களுக்கே போனது என்கிறது பெரியபுராணம்.

சூதில் காயை உருட்டுவது ஒரே கை. வெற்றியோ தோல்வியோ, கணக்கு அந்தக் கைக்குத்தான். பதினோரு பேர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் தோற்றால் கணக்கை யார் பெயரில் எழுதுவது? 2025 கோடை முழுக்க, நூம்பல் சாலையிலிருந்து பூந்தமல்லி வரை எந்த டீக்கடையில் நின்றாலும் இந்த வழக்குதான் ஓடியது. குற்றவாளிக் கூண்டில் நின்றவர், நாம் ‘தல’ என்று கொண்டாடும் தோனி.

அந்த வழக்கின் முதல் நாள் 2025 மார்ச் 28. சேப்பாக்கத்தில் பெங்களூரு 196 ரன் அடித்துவிட்டது. சென்னை விக்கெட் மேல் விக்கெட்டாக விழுகிறது, தோனியைக் காணோம். அவருக்கு முன்னால் அஸ்வின் இறங்குகிறார்! ஒன்பதாவது ஆளாக வந்த தோனி 16 பந்தில் 30 அடித்தார், சென்னை 50 ரன்னில் தோற்றது. பெங்களூரு அணி சேப்பாக்கத்தில் அதற்கு முன் வென்றது எப்போது தெரியுமா? 2008இல், ஐபிஎல்லின் முதல் ஆண்டில்! பதினேழு ஆண்டுக் கோட்டை சரிந்த இரவு அது. “முன்னாடியே வந்திருக்கலாம்ல?” என்ற கேள்வி அன்றைக்குப் பிறந்தது.

சரி, முன்னாடியே வந்தால்? எட்டே நாளில் அதுவும் நடந்தது. ஏப்ரல் 5, டெல்லிக்கு எதிரான ஆட்டம், இலக்கு 184. பதினோராவது ஓவரிலேயே தோனி களத்தில் இருந்தார். 26 பந்தில் 30 ரன், ஆட்டமிழக்கவில்லை. சென்னை 25 ரன்னில் தோற்றது. இப்போது குற்றச்சாட்டு தலைகீழாகிவிட்டது: சீக்கிரம் வந்து கட்டை போட்டார்! ஆனால் அவர் உள்ளே வந்தபோது ஸ்கோர் என்ன தெரியுமா? 5 விக்கெட்டுக்கு 74. மிச்சம் ஒன்பது ஓவர் சொச்சத்தில் 110 ரன் வேண்டும். மேலே ஆடிய ஐந்து பேர் வைத்துவிட்டுப் போன கடன் அது. வட்டியை மட்டும் கடைசி ஆளிடம் கேட்டோம்.

தோனிக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. அப்போது அவருக்கு 43 வயது, தேய்ந்த முழங்கால். அவரால் பத்து ஓவர் முழு வேகத்தில் ஓடி ஆட முடியாது என்று பயிற்சியாளர் ஸ்டீபன் பிளெமிங்கே வெளிப்படையாகச் சொன்னார். அப்படிப்பட்ட ஒருவரைச் சுற்றி அணியைக் கட்டியது அணி எடுத்த முடிவு, அவரும் அதற்கு உடன்பட்டவர். அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அந்த ஆண்டு சென்னை 14 ஆட்டத்தில் நான்கில் மட்டும் வென்று, வரலாற்றிலேயே முதல்முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தில் போய் நின்றதே, அது முழுக்க ஒருவர் செய்த வேலையா? கேப்டன் ருதுராஜ் முழங்கைக் காயத்தோடு விலகியதும் ஏப்ரல் 11இல் தோனி மறுபடி கேப்டன் ஆனார். அன்றைக்கே சேப்பாக்கத்தில் 9 விக்கெட்டுக்கு 103! கொல்கத்தா 59 பந்து மிச்சம் வைத்து வென்றது. மூன்றே நாள் கழித்து லக்னோவில் அதே தோனி 11 பந்தில் 26 அடித்து ஆட்டநாயகன் ஆனார். 43 வயதில் அந்த விருதை வாங்கிய ஐபிஎல்லின் மூத்த ஆட்டக்காரர்! வெள்ளிக்கிழமை ஓய்வு பெறச் சொன்னவர்கள் திங்கள்கிழமை விசிலடித்தார்கள்.

அதிருக்கட்டும், அந்த டெல்லி ஆட்டத்தில் தோனியோடு மறுமுனையில் நின்றவர் யார் தெரியுமா? 54 பந்தில் 69 ரன் எடுத்து, அவரும் சேர்ந்து திட்டு வாங்கிய நம்ம தமிழ்நாட்டுப் பையன் விஜய் சங்கர். பழியைத் தலையில் சுமப்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஏழு வருடம் முன்பே கொழும்பில் அதைப் பார்த்துவிட்டார்.

2018 மார்ச் 18, நிதாஹஸ் கோப்பை இறுதி ஆட்டம். வங்கதேசத்துக்கு எதிராக இந்தியாவுக்கு 167 இலக்கு. 18 பந்தில் 35 வேண்டும். முஸ்தபிசுர் பந்து வீச வருகிறார். எதிரே விஜய் சங்கர், சர்வதேச ஆட்டத்தில் அவர் மட்டை பிடிப்பதே அதுதான் முதல் முறை. முதல் பந்து, ஸ்லோ கட்டர், மட்டைக்குச் சிக்கவில்லை. இரண்டாவது, அதேதான். மூன்றாவது, நான்காவதும் காற்றைத்தான் வெட்டினார். ஐந்தாவதில் லெக் பை ஒன்று. ஆறாவது பந்தில் மணிஷ் பாண்டே அவுட். அந்த ஓவரில் மட்டையிலிருந்து வந்த ரன் சுழியம்! தமிழ்நாடு முழுக்க அந்த நாலு பந்துக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அடுத்து வந்தார் தினேஷ் கார்த்திக். 6, 4, 6, பிறகு ஒரு டாட், 2, 4. ரூபல் ஹுசைனின் ஓவரில் 22 ரன். கடைசி ஓவரில் 12 வேண்டும். கடைசிப் பந்துக்கு 5 வேண்டும். சௌம்ய சர்க்கார் வீசியதை எக்ஸ்ட்ரா கவருக்கு மேல் தட்டையாகத் தூக்கினார் கார்த்திக், சிக்ஸர்! 8 பந்தில் 29. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை.

தெரியாத கதை இதோ. கடைசிப் பந்துக்கு 5 என்ற நிலையை உருவாக்கியது யார் தெரியுமா? அந்த ஓவரின் நான்காவது முறையான பந்தை பவுண்டரிக்கு அனுப்பிய விஜய் சங்கர்! அடுத்த பந்தைத் தூக்கி அடித்து லாங் ஆஃபில் கேட்ச் ஆனார். பந்து ஆகாயத்தில் இருக்கும்போதே இருவரும் பாதிப் பிட்ச் தாண்டி ஓடியிருந்தார்கள். அதனால்தான் கார்த்திக்குக்கு ஸ்டிரைக் கிடைத்தது. கேட்ச் ஆகும் முன் இருவரும் கடந்துவிட்டால் ஸ்டிரைக் மாறும் என்ற அந்த விதியே 2022 அக்டோபரிலிருந்து மாறிவிட்டது. இன்றைய விதி அன்று இருந்திருந்தால், புதிதாக இறங்கிய ஆட்டக்காரர்தான் கடைசிப் பந்தைச் சந்தித்திருக்க வேண்டும். அந்தப் புதியவர் யார் தெரியுமா? வாஷிங்டன் சுந்தர்! அவர்தான் அந்தத் தொடரின் நாயகன். அந்த ஒரு நிமிடத்தில் ஆட்டத்தின் கயிறு மூன்று தமிழ்நாட்டுக்காரர்கள் கையில் இருந்தது. ஒருவர் கடவுள், ஒருவர் வில்லன், மூன்றாமவரை யாரும் கவனிக்கவே இல்லை. இந்தியா வென்ற ஆட்டம் அது! வென்றும்கூட நாம் ஒருவரைத் தேடிப் பிடித்துத் திட்டினோம்.

அமெரிக்காவில் இந்த நோய் இன்னும் முற்றிய நிலையில் இருக்கிறது. அங்கே கல்லூரிக் கால்பந்து என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஆடுவது. பந்தை வாங்கி யாருக்கு எறிவது என்று முடிவு செய்பவன் குவார்ட்டர்பேக். இருபது வயதுப் பையன், படிக்கிற மாணவன். அவன் எறிந்த பந்து சொந்த அணிக்காரன் கையில் பட்டுத் துள்ளி எதிரணியிடம் போனாலும், அந்தப் பறிகொடுப்பு எறிந்தவன் கணக்கில்தான் ஏறும் என்பது தெரியுமா? இன்னொன்று கேளுங்கள். அவனைக் காக்க முன்வரிசையில் ஐந்து தடியர்கள் நிற்கிறார்கள். அவர்கள் கோட்டைவிட்டு, எதிரணி பாய்ந்து அவனைப் பந்தோடு சாய்த்தால், இழந்த கஜங்களைக் கல்லூரி ஆட்டத்தில் அவன் ஓடிய கணக்கிலேயே கழிப்பார்கள். முன்வரிசைக்காரன் பெயருக்கு நேரே ஒரு கழித்தல் குறிகூட விழாது. ஒரு பல்கலைக்கழக அணி தொடர்ந்து தோற்றால் ஊரே இரண்டாகப் பிரிந்து, பையன் மேல் பாதிப் பழியா முழுப் பழியா என்று வாதாடுவதில் என்ன ஆச்சரியம்? கணக்குப் புத்தகமே அவனைத்தான் காட்டுகிறது.

நம் கிரிக்கெட் ஸ்கோர்கார்டு மட்டும் யோக்கியமா? கேட்ச் விட்டவனுக்கு அதில் கட்டமே கிடையாது. தப்பாகக் கூப்பிட்டது மறுமுனைக்காரர் என்றாலும் ரன் அவுட் விழுவது ஓடியவர் பெயரில்தான். ஓவர்த்ரோவில் போகும் ரன்? எறிந்தவனை விட்டுவிட்டு, பந்து வீசியவனிடம்தான் வசூல்! 2019 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் கப்தில் எறிந்த பந்து பென் ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு எல்லைக்கு ஓடியதே, அந்த ஆறு ரன்னும் டிரென்ட் போல்ட்டின் பந்துவீச்சுக் கணக்கில் இருக்கிறது. பாவம், அவர் பந்தை வீசிவிட்டுச் சும்மா நின்றவர்.

சென்னைக்கு இந்த வழக்கு புதிதும் அல்ல. 1999 ஜனவரி 31, சேப்பாக்கம், பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட். இலக்கு 271. 5 விக்கெட்டுக்கு 82 என்று கிடந்த இந்தியாவை முதுகு வலியோடு தூக்கி நிறுத்தினார் சச்சின், கூட நின்று 52 எடுத்தார் நயன் மோங்கியா. சச்சின் 136இல் அவுட் ஆனபோது வேண்டியது 17 ரன்தான். கையில் மூன்று விக்கெட். வந்தது எத்தனை தெரியுமா? நாலு! 258க்கு ஆல் அவுட், 12 ரன்னில் தோல்வி. சச்சின் ஆட்டத்தை முடிக்கவில்லை என்று பல வருடம் பேசினார்கள். அந்த நாலு ரன்னைப் பற்றிப் பேசினவர்கள் குறைவு. ஆனால் அரங்கில் இருந்த சென்னைக்காரர்கள் அன்று செய்ததை உலகமே இன்றும் சொல்கிறது. வென்ற பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது எழுந்து நின்று கைதட்டினார்கள்.

வெங்கட்ராகவன் கதை அதைவிட மனதைப் பிசையும். சென்னைக்காரர், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர், 1975, 1979 இரண்டு உலகக் கோப்பையிலும் இந்தியாவின் கேப்டன். 1979 செப்டம்பரில் ஓவல் டெஸ்டில் இந்தியாவுக்கு இலக்கு 438. கவாஸ்கரின் 221 உதவியால் ஒரு விக்கெட்டுக்கு 366 வரை போய்விட்டார்கள்! அங்கே வெங்கட், விஸ்வநாத்தை நிறுத்திவைத்து வேகமாக அடிக்கட்டும் என்று கபில்தேவை அனுப்பினார். கபில் சுழியம். ஆட்டம் 8 விக்கெட்டுக்கு 429 என்று, ஒன்பது ரன் குறையாக டிராவில் முடிந்தது. பழி முழுக்க கேப்டன் தலையில். பதவி போனது அவருக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? ஊர் திரும்பும் விமானத்தில், கவாஸ்கர்தான் புதிய கேப்டன் என்ற அறிவிப்பைக் கேட்டு! அந்த மனிதர் ஓய்ந்துவிடவில்லை. பிறகு நடுவராகி 73 டெஸ்ட் ஆட்டங்களில் நின்றார்.

பழியைப் போலவே புகழும் ஓரிடத்தில்தான் போய்க் குவிகிறது. 2011 உலகக் கோப்பை என்றால் கண்ணில் நிற்பது தோனியின் அந்த சிக்ஸர். இரண்டாவது பந்திலேயே சேவாக் போனதும் இறங்கி 97 அடித்த கம்பீரை எத்தனை பேர் முதலில் சொல்வார்கள்? தொடர் நாயகனான யுவராஜுக்கு மூன்றே வருடத்தில் என்ன கதி தெரியுமா? 2014 டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் 21 பந்தில் 11 எடுத்ததற்காக அவர் வீட்டின் மேல் கல் எறிந்தார்கள்.

பழிக்குப் பயந்து ஆட்டக்காரன் ஆட்டத்தையே மாற்றிக்கொள்கிறான் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. இஸ்ரேலிய ஆய்வாளர்கள் நாம் அறிந்த கால்பந்தில் 286 பெனால்டி உதைகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். கோல்கீப்பர் நடுவிலேயே நின்றால்தான் தடுக்கும் வாய்ப்பு அதிகமாம். ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று தடவைக்கு மேல் இடமோ வலமோ பாய்ந்துவிடுகிறார்கள்! பாய்ந்து கோல் விட்டால் ‘முயற்சி செய்தான்’ என்போம். நின்று கோல் விட்டால் ‘மரம் மாதிரி நின்றான்’ என்போம். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பாய்கிறார்கள். கொழும்பில் அந்த நாலு பந்துக்கும் விஜய் சங்கர் ஏன் மட்டையை ஓங்கி ஓங்கி வீசினார் என்பது இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் புரிந்தது. ஒரு சிங்கிள் தட்டிவிட்டு மறுமுனைக்குப் போயிருந்தால், பயந்து ஓடினான் என்று அதற்கும் திட்டியிருப்போம்.

திருவேற்காட்டில், ஆவடியில், அம்பத்தூரில் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்தில் ஆடும் எல்லோருக்கும் சொல்கிறேன். அடுத்த சீசனில் சென்னை தோற்கும் இரவில் கடைசி ஓவரைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். ஸ்கோர்கார்டில் விக்கெட்டுகள் எத்தனை ரன்னில் விழுந்தன என்று ஒரு வரி இருக்கும், அதை முதலில் படியுங்கள். பிறகு பவர்பிளே, பிறகு ஏழிலிருந்து பதினைந்தாவது ஓவர் வரை. அதற்கப்புறம் யார் மேல் எவ்வளவு என்று டீக்கடையில் தாராளமாகச் சண்டை போடுங்கள். ஆட்டக்காரர்களின் வீட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் மட்டும் அந்தச் சண்டைக்குள் இழுக்காதீர்கள்.