பொது வைஃபையில் ஓர் அஞ்சற்பொறி

2022 சூலை 4இல் பாலிங் மாவட்டத்துக் கூப்பாங்கில் பெருகிய திடீர் வெள்ளம் மூவர் உயிரைக் கொண்டது. மேலாற்றின் நீர்மட்டத்தைக் கீழூருக்கு அஞ்சல் செய்ய (வானொலியார் 'டெல்லி அஞ்சல்' என்ற அதே சொல்தான்) உள்ளங்கையளவான 'ராஸ்பெரி பை' கணிப்பொறி போதும். சில வாட்டு மின்சாரமே உண்ணும்.

அதனைக் கடையொன்றின் பொது வைஃபையில், உரியவர் இசைவுடன், இணைத்துவிட்டுச் சுங்கைப் பட்டாணியிலிருந்து அழைத்தால் மறுமொழி வாராது. பழுதன்று, அவ்வலையிலுள்ள பொறிகள் அனைத்துக்கும் வெளியுலகில் ஒரே முகவரி. வந்த அழைப்பு எப்பொறிக்குரியதென வாயிற்கருவி அறியாது. ஆதலின் பொறியே முதலில் நிலையான முகவரியுடைய வேறொரு கணிப்பொறியை அழைத்து, அவ்விணைப்பை அறாமற் காத்தல் வேண்டும்; நாம் அதன் வழியே புகலாம்.

'ஒப்புகிறேன்' என்று அழுத்தச் சொல்லும் பக்கம் இடையில் வந்தால், திரையில்லாப் பொறி செய்வதறியாது நிற்கும். மின்சாரம் நின்றாலோ கடையின் வைஃபையும் உடன் நிற்கும். வெள்ள எச்சரிக்கைக்கு மின்கலமும் கைப்பேசி இணைப்பும் துணையாதல் வேண்டும்.